நாற்பத்தோரு பீஸ்

ஆறாயிரம் உருப்படி, மஞ்சள், சின்னப் பிள்ளைகள் அளவு.
எந்த நாட்டுப் பிள்ளைகளோ, கோடை முகாமுக்காம்.
நெஞ்சில் ஒரே சொல்,
நீலத்தில், ஐந்து இங்கிலீஷ் எழுத்து.

செக்கிங் டேபிளில் எனக்குக் கண்தான் வேலை.
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது, அச்சு நகர்ந்தது.
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிக்கொண்டே இருப்பேன்.
அன்றைக்குத் தள்ளியதில் நாற்பத்தோரு பீஸில்
நடு எழுத்து பாதிதான் விழுந்திருந்தது.
மீதி நான்கும் போதுமாயிருந்தன
யாரென்று சொல்ல.

"அஞ்செழுத்தா? எங்களுக்கும் அதே கணக்குதானுங்க"
என்று சிரித்தார் சூப்பர்வைசர் செங்கோட்டுவேல்.
சிரித்துக்கொண்டே மூட்டை கட்டச் சொன்னார்.
மூட்டை வேஸ்ட் குடோனுக்கு.

மூன்றாம் நாள் பார்க்கிறேன்,
ஓவர்லாக் மெஷினுக்கு அடியிலிருந்து எழுந்த
மெக்கானிக் குப்பண்ணன் கை துடைக்கிறார்.
மஞ்சள் துணி. நீல எழுத்து. கறுப்பு கிரீஸ்.
"அது வேண்டாங்ண்ணா."
"ஏனம்மணி, நல்லா எண்ணெய் உறிஞ்சுதே."
காட்டன். உறிஞ்சும்தான்.
சொல்ல வந்தது தொண்டையில் நின்றது.
அவருக்கு அது படிக்கத் தெரியாத எழுத்து.
படிக்கத் தெரிந்த நான்
துடைக்காததா?

ராத்திரி எட்டரைக்கு வீட்டில் ஜெபமாலை.
ஐம்பத்து மூன்று மணி,
ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்தப் பெயர்.
அங்கே தலை தாழ்த்துவது வழக்கம்.
என் தலை குக்கர் பக்கம் திரும்பியிருக்கும்.
முதல் எழுத்து மூச்சில் போகும்,
கடைசி எழுத்து அடுத்த வரியில் கரையும்,
பதினாறு, பதினேழு, பருப்புக்கு இன்னும் ஒரு விசில்.
பகலிலும் அதுதான். ஊசி குத்தினால் அந்தப் பெயர்,
நாலாம் நம்பர் பஸ் நிற்காமல் போனால் அந்தப் பெயர்,
கரண்ட் போனால்,
நூல் அறுந்தால்.
கைக்கு வாகாய்க் கிடந்தது.
எதையெதையோ துடைத்துவிட்டு
மூலையில் எறிந்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் வந்து கேட்டுப்பாருங்கள்,
தண்ணி லாரிக்காரருக்கும் ஒரு 'ங்க' உண்டு.
சந்தையில் வெண்டைக்காய் விற்கிறவரிடம்
"கால் கிலோ போடுங்க" என்போம்.
சண்டை பிடிக்கும்போதும் கழற்றமாட்டோம் அதை:
"உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?"
ஜெபத்தில் மட்டும் 'நீர்', 'உமது',
வீதியில் யாரும் பேசாத தமிழ்.
அச்சடித்த மரியாதையே போதும் என்று
இருந்துவிட்டேன் போல.

கிலோ விலைக்கு குடோனில் திருப்பி வாங்கினேன்.
முப்பத்தெட்டு கிடைத்தது,
மூன்று எந்த மெஷினோடு போனதோ.
குப்பண்ணன் தந்ததைச் சோடா போட்டு ஊறவைத்தேன்.
கிரீஸ் போகவில்லை.
பெயரும் போகவில்லை.
கத்தரிக்கோலை எடுத்தேன்; எங்கே வெட்டினாலும்
பெயர் ரெண்டாகும்.
எரித்தால் அந்த மை ரப்பர் மாதிரி நாறும்.
முப்பத்தேழு இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
ஒன்றை மட்டும் மறுபக்கம் திருப்பி
எட்வினுக்குப் போட்டுவிட்டேன்.
வெளியே வெறும் மஞ்சள், தையல் தெரிகிற மஞ்சள்.
உள்ளே, அவன் விலா எலும்பில் உரசிக்கொண்டு,
பள்ளிக்கூட மைதானத்து வியர்வையில்,
அது.
இது மரியாதையா, ஒளித்துவைப்பதா,
எனக்குத் தெரியவில்லை.
ஃபாதரிடம் கேட்கவும் இல்லை.

நேற்று பன்னிரண்டாம் மணியில் பாதியில் நின்றேன்.
விசில் அடித்தது. அடிக்கட்டும்.
பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதார்கள்.
"ஏம்மா, மறந்துபோச்சா?" என்றான் எட்வின்,
திருப்பிப்போட்ட சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு.
"இல்ல சாமி, இரு.
பேரு வருதுங்க."