ஒரு முழம்

பையில் பதினான்கு கோல்கள்.
பெரிய தலை டிரைவருக்குத்தான்.
கைக்குழந்தைக்குப் போல அதற்கு மட்டும்
கம்பளிக் குல்லா.
பட்டர் ஓரமாய் நிற்கும், ஒல்லியாய்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
"பட்டர் எடு" என்றதும்
வெண்ணெய்க்கு எங்கே போவது என்று விழித்தவள் நான்.

இருநூற்றைம்பது கஜம் பறந்தாலும் அடி ஒன்று.
இரண்டு விரற்கடை உருண்டாலும் அடி ஒன்று.
இது எனக்குச் செரிக்க ஒரு மழைக்காலம் ஆனது.
ஒரு பூசணிக்கும் ஒரு பூண்டுப் பல்லுக்கும்
ஒரே விலை சொன்னால்
கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில்
கடை போட விடுவார்களா?

வக்கீல் முத்துவேலப்பன் சொல்வார்:
"பட்தான் எல்லாம், பவுலின்.
மற்றதெல்லாம் நடைப்பயிற்சி."
இஞ்சினியர் தேவசகாயம் ஒப்பமாட்டார்.
மூன்று வருஷத்து ஆட்டம்
அவருடைய நீல நோட்டில் கிடக்கிறது.
தொலைத்த அடிகளில் மூன்றில் இரண்டு
கிரீனை மிதிக்கும் முன்பே தொலைந்தவையாம்.
"தப்பிய பட் தூக்கத்தைக் கெடுக்கும்.
தப்பிய டிரைவ்தான் கணக்கைக் கெடுக்கும்."
வக்கீலுக்கு எதிர்க்கட்சி நோட்டில்
எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

என்னை யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் முழங்காலைக் கைகாட்டியிருப்பேன்.
டிரைவ் கோணிக்கொண்டால்
வாட்டில் காட்டுக்குள் இறங்குவது அவர்களா?
அட்டைகளுக்கு என் ரத்தம் பழகிவிட்டது.
முழங்காலின் தீர்ப்பு: டிரைவே பெரிது.

காது அதை ஏற்காது.
பட் அடிக்கும் நேரம்
கொடியைப் பிடித்துக்கொண்டு
இருமலை விழுங்கி நிற்கவேண்டும்.
ஒருமுறை என் மழைக்கோட்டு சரசரத்தது.
வக்கீல் பார்த்த பார்வையில்
நான் போய் விழுந்த தூரத்துக்கு
எந்த டிரைவும் போனதில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பந்தயம் ஐந்நூறு ரூபாய்.
ரூபாய்க்காக இல்லை என்று
இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.
கடைசிக் குழி வரை சரிக்குச் சரி.
இஞ்சினியரின் டிரைவ், அடடா,
மேகத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு போனது.
போய் என்ன, கிரீனில் மூன்று பட்.
வக்கீலின் பந்தை நான்
காட்டு விளிம்பில் தேடி எடுத்தேன்.
அது தத்தித் தத்தி வந்து
குழிக்கு ஒரு முழத்தில் படுத்துக்கொண்டது.
அடித்தால் ஜெயம்.

அப்போதுதான் காட்டுமாடு வந்தது.
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்.
பந்துக்கு மேலே நின்று
புல்லை முகர்ந்தது. போகவில்லை.

"ஒரு முழம்தானே சார்,
போட்டதாக வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார் வக்கீல்.
"பட்தான் எல்லாம் என்றீர்கள்.
எல்லாவற்றையும் எப்படிச் சும்மா கொடுப்பது?
போய் அடியுங்கள்" என்றார் இஞ்சினியர்.
வக்கீல் வாய் திறந்து, மூடினார்.
கொஞ்சம் பொறுத்து இஞ்சினியருக்கும் உறைத்தது,
அந்த ஒரு முழத்துக்கு
இவ்வளவு கிராக்கி ஏற்றியது யார் என்று.
மேகம் இறங்கியது.
முதலில் கொடி மறைந்தது, அப்புறம் கொம்பு.
பேசாமல் கார்களுக்குப் போனார்கள்.
என் கூலியை ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள்.

விடியற்காலை நான்தான் முதல் ஆள்.
பந்து அங்கேயே இருந்தது, பனி போர்த்தி.
பக்கத்தில் குளம்புத் தடம், ஒரு சின்னக் கிண்ணம் ஆழம்.
சுற்றும் முற்றும் பார்த்தேன்.
குடையைத் தலைகீழாகத் திருப்பினேன்.
யாரும் இல்லை. இருமல் கூட வரவில்லை.
இருந்தும் கை நடுங்கியது, கேளுங்கள்,
ஐந்நூறு ரூபாயும் இல்லை, நோட்டும் இல்லை,
வெறும் ஒரு முழம்.

இடதுபக்கம் தப்பியது.