மாதிரி இலக்கம் 212

டியூட்டீரியம் விளக்கு எரிந்துபோய்
ஒன்பது மாதம்.
மூன்று விலைமனு வேண்டுமென்றது நிதிப்பிரிவு.
கொழும்பில் விற்பவர் ஒருவர்தான்.
அந்த ஒருவரிடமே மூன்று விலை கேட்டு
ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.
திரும்பி வந்தது கோப்பு,
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு.

கருவியைப் பழைய சேலையால்
மூடி வைத்திருக்கிறேன்.
முதல் வருடப் பிள்ளை ஒன்று கேட்டது:
"மிஸ், உள்ளுக்குச் சாமிப்படமோ?"

விரிவுரையாளர் வெற்றிடம் நான்கு.
விண்ணப்பித்தோர் இருவர்.
நேர்முகத்துக்கு வந்தவர் ஒருவர்.
அவருக்கும் பேர்த்தில் வேலை கிடைத்துவிட்டது.
நல்ல மனிதர்,
மேசை விசிறியை எங்களுக்கு விட்டுப் போனார்.
படிப்பு விடுப்பில் போனவர்களின் பெயர்
கதவுகளில் இன்னும் மின்னுகிறது.
கிழமைக்கொருக்கால் துடைக்கிறேன்.
பிணைப்பணம் கட்டி முடித்தவர்களின் பலகையைக்
கழற்றும்படி யாரும் சொல்லவில்லை.

நான் தொழினுட்ப உத்தியோகத்தர்.
சம்பளப் பட்டியலில்
"கல்விசாரா" என்ற தலைப்பின் கீழே என் பெயர்.
இருபத்திரண்டு வருடம்
பிப்பெற் பிடிக்கக் காட்டிக் கொடுத்த கை இது.
சாராதாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வந்தா
சுகிர்தமலர், வெங்காயம் செய்கிறவ.
சோடாப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர்.
வாசல் காவலாளி அனுமதிப் பிரிவுக்கு அனுப்ப,
அவர்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப,
அவர்கள் வாசலுக்கே அனுப்பிவிட்டார்கள்.
இரண்டாம் முறை சுற்றி வந்தபோதுதான்
என் கண்ணில் பட்டா.
"நாலு மாதப் பிள்ளைக்கு
இந்தத் தண்ணியிலைதான் பால்மா கரைக்கிறன்.
குடுக்கலாமோ?"

தண்ணீர் தெளிவாய்த்தான் இருந்தது.
நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை.
தோட்டத்துக்கு எறிந்த யூரியா
செம்மண்ணுக்குள் இறங்கி
சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில்
ஆர் வளவு ஆர் வேலி என்று பாராமல்
நடந்து போகிறது.
கீழே ஒரே தண்ணீர்.
மேலேதான் எல்லைக் கல்.

"மெஷின் பழுது" என்று சொல்ல வாய் திறந்தேன்.
நாக்கில் தழும்பேறிய வசனம்.

பின்னாலிருந்து சமோதி சொன்னாள்,
இறுதி வருடம், மொனராகலைப் பிள்ளை,
வந்த அன்று தமிழில்
"தண்ணி" மட்டும் தெரிந்தவள்:
"மிஸ், கட்மியம் நிரல் செய்யலாம்தானே?
பழைய புத்தகத்தில இருக்கு.
கலர் வரும். கண்ணால பாக்கலாம்."

மூன்று நாள்.
களஞ்சியத்தின் அடித்தட்டில்
என் வயதுப் போத்தல் ஒன்றில் கட்மியம்.
வாய் உடைந்த கண்ணாடிக் குழாய்.
பத்துச் சோதனைக் குழாய்களில் நியமக் கரைசல்,
வெளிறிய ரோசாவிலிருந்து செவ்வரத்தை வரை.
காலை பத்து மணிக்கு
வடக்கு யன்னலில் நல்ல வெளிச்சம்.
பின்னால் பிடிக்க வெள்ளைத்தாள் தேடினோம்,
விலைமனுப் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாய் இருந்தது.

நான் அறுபத்தெட்டு என்றேன்.
அவள் எழுபத்திரண்டு என்றாள்.
எல்லை ஐம்பது.
எங்கள் சண்டை அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை.

தொலைபேசியில் சொன்னேன்:
"பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம்.
கொதிக்க வைச்சாலும் போகாது, கூடத்தான் செய்யும்."
மறுமுனையில் தண்ணீர் இறைக்கும் மோட்டர்ச் சத்தம்.
பிறகு கேட்டா:
"அப்ப பக்கத்து வளவுக் கிணறு?"

அடுத்த செவ்வாய்
பதினொரு போத்தல்.
ஜாம் போத்தல், சாராயப் போத்தல்,
பிள்ளையின் பள்ளிக்கூடத் தண்ணிப் போத்தல்,
அதில் நெயில்பொலிஷால் எழுதிய பெயர்.
ஒருவர் சொன்னார்:
"கம்பஸ் எண்டு ஒரு மதில் இருக்கெண்டு தெரியும்.
உள்ளை வந்து கேக்கலாமெண்டு தெரியாது."

நிதிப்பிரிவிலிருந்து கடிதம்:
இச்சேவை எந்தச் செலவுத் தலைப்பின் கீழ்?
கட்டணம் அறவிடப்பட்டதா?
சமோதி வாசித்துவிட்டு
சிவப்புப் பேனையை எடுத்தாள்.
பறித்து வைத்தேன்.

பின்னேரம் காவலாளி வந்தார்,
தொப்பியைக் கழற்றி,
அரைப் போத்தலை மேசையில் வைத்தார்.
"இது என்ரை. கோண்டாவில்."
212இல் தொடங்கிய கொப்பியில்
224 என்று எழுதினேன்.

இன்று காலை மழை இருட்டு.
நிறம் பார்க்க முடியாது.
குழாய்களை வரிசையாய் அடுக்கிவிட்டு
யன்னலோரம் நிற்கிறோம்,
அவளும் நானும்,
வெயில் வரட்டும் என்று.