போல

நவம்பர் முடியுமுன் வார்டோவை விட்டுச் சூரியன் போய்விடும்;
ஜனவரி பாதி கழிந்தால்தான் வரும்.
அந்த இருட்டில் ஹால்வார்ட்
பனி தள்ளும் வண்டியை ஓரங்கட்டி
டீசல் ரசீதின் முதுகில் எழுதினான்:
நீ சூரியனைப் போல.

நண்டுத் தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்
குட்ருன் வாசித்தாள்.
"ரெண்டு மாசம் சொல்லாமல் போகிறவளா நான்?
திரும்பி வந்தால்
கோட்டையில் பீரங்கி வெடிப்பாயா,
பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவாயா?"

அடுத்த ரசீதில் கலங்கரை விளக்கம்.
அடித்துவிட்டான்.
அது எல்லாப் படகுக்கும் கண்ணடிக்கும்.
நண்டு வேகும் ஆவி என்றால்
அவளுக்கு அது எட்டு மணிநேரக் கூலி.
'போல' போட்டால் நடுவில் ஒரு கடல் கிடந்தது.
எடுத்துவிட்டால்
மதிமுகம் முகமதி ஆனதுபோல
அவளே காணாமல் போனாள்,
சூரியன் மட்டும் மிச்சம்.

பிப்ரவரியில் ஒரு புயல்.
சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் தொலைபேசியில் அவள்.
"வழி தெரிகிறதா?"

"ஒன்றும் தெரியவில்லை.
சாலையோரம் நட்ட கழி ஒன்று தெரிகிறது.
அதைத் தொட்டபின் அடுத்தது.
அப்படியே வந்துகொண்டிருக்கிறேன்."

வைப்பர் இரண்டுமுறை போய்வந்தது.

"கழி," என்றாள், "நானா?"

அவன் சாலையைத்தான் சொன்னான்.
கண்ணாடியில் பனி அப்பியது.

ஆமாம், என்றான்.