பன்னிரண்டுக்குப் பதினான்கு

சீட்டு எடுத்த பணம், முப்பத்தோராயிரம்,
என் சட்டைப் பைக்குள் சூடாக இருந்தது.
ஏழு பேர். ஆளுக்கு ஒரு கருத்து,
எட்டியப்பனுக்கு மட்டும் இரண்டு.

போன ஐப்பசியில் பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம்
நண்டு வேட்டைக்குப் போன மூன்று ராத்திரியும்
நைலான் கூடாரத்துக்குள் ஒருவருக்கும் முதுகு நிமிரவில்லை.
சவுக்கு நெருப்பிலிருந்து பறந்த ஒரே பொறி
கூரையில் ஐந்து ரூபாய்க் காசளவு ஓட்டை போட்டது.
அதன் வழியே மழை
சூசைநாதனின் காதைத் தேடி வந்து விழுந்தது.
அடுத்த தடவை கித்தான்தான் என்று
அந்த ஈரக் காதைத் தொட்டே சத்தியம் செய்தான்.

மண்ணடியில் கப்பல் சாமான் கடை.
நைனா முகமது தரையில் உருட்டி விரித்தார்.
நாலு பக்கமும் இடுப்புக்கு மேல் வரும் சுவர்,
நடுவில் நெட்டை லூர்துவே நிற்கலாம்.
முகர்ந்து பார்த்தேன். மெழுகு, எலிப்புழுக்கை,
யாரோ எப்போதோ குடித்த பீடி.

"மொத மழைல கசியும், பயப்படாத.
நூலு தண்ணி குடிச்சு உப்பிக்கினா
அப்பால ஒரு சொட்டு உள்ள வராது.
வூட்டாண்டயே ஒருவாட்டி நனைச்சுக் காய வை."

குடித்த பிறகு வாயை மூடிக்கொள்ளும் ஒன்றை
எங்கள் பேட்டையில் யாரும் அதுவரை கண்டதில்லை.

அடுப்பில்தான் சண்டை வந்தது.
பம்ப் ஸ்டவ்வென்றால் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?
சின்ன சிலிண்டரில் சோறு வேகும், துணி காயாது.
வெல்டர் தேசப்பன் கற்பூரம் அடித்தாற்போல் சொன்னான்:
கிரீஸ் டிரம்மை அறுத்து நானே செய்கிறேன்,
முன்னால் கதவு, மேலே தோசைக்கல் உட்காரும் தட்டு,
புகைக்குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில்
ஒரு சாண் சுற்றளவுக்குத் தகரம்.
கித்தானை இரும்பு தொடவே தொடாது.
எழுநூறு ரூபாய், எனக்கு ஒரு குவார்ட்டர்.

எல்லோரும் தலையாட்டினோம். அமீர் ஜான் ஆட்டவில்லை.
துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிறவன் அவன்.
"நெருப்ப உள்ள வெச்சு நாலு பக்கமும் கட்டிட்டுத் தூங்குனா
காலைல எத்தினி பேரு எழுந்துப்பாங்க?"
ஏணியில் இறங்கி, ஏறி வராத இரண்டு பேரை
அவன் பார்த்திருக்கிறான். பேர் சொல்லவில்லை.
நைனா முகமது கல்குலேட்டரை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு
காசிமேட்டில் எங்கள் தெரு நடுவில்
சாக்பீஸால் கோடு போட்டோம்.
பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி.
மூலையில் அடுப்புக்கு வட்டம், அதற்கு ரெண்டு கை தள்ளி
நண்டுக் கூடை நான்குக்குச் சதுரங்கள்.
பிறகு ஏழு பேரும் ரோட்டில் படுத்துப் பார்த்தோம்.

லூர்துவின் பாதம் சுவரைத் தாண்டியது.
எட்டியப்பன் குறட்டை விட்டே ஒத்திகை பார்த்தான்.
சீட்டுப் பிடித்தவனுக்கு, அதாவது எனக்கு,
கூடைக்கும் சூசைநாதனுக்கும் நடுவே ஒருக்களித்த இடம்.
மீன் வண்டி ஒன்று வந்தது. ஹாரன் அடிக்கவில்லை.
விளக்கைத் தணித்து, கோட்டில் சக்கரம் படாமல்
சாக்கடை ஓரமாக ஒதுங்கிப் போனது,
அங்கே நிஜமாகவே ஒரு சுவர் இருப்பதுபோல.

அமீர் ஜான் எழுந்தான்.
தன் தலைமாட்டுக் கோட்டைக் குதிகாலால் தேய்த்து
ஒரு முழம் அழித்தான்.
திரும்பி வந்து படுத்தான்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தெருநாய் வந்தது.
எந்தப் பக்கமும் வந்திருக்கலாம்,
அழித்த அந்த முழத்தின் வழியாகத்தான் நுழைந்து
அடுப்பு வட்டத்துக்குள் சுருண்டுகொண்டது.

"வாங்கிடலாம்," என்றேன் இருட்டைப் பார்த்து.
"நாப்பத்திரெண்டு கிலோடா," என்றான் தேசப்பன், "எவன் தூக்குறது?"

ஆறு பேருக்கும் சட்டென்று நல்ல தூக்கம்.