ஒரு ராத்திரி வாடகை

ஒன்பதாயிரத்து நானூறு.
கப்பல் ஏறுகிற அன்றைக்கே விமானம் இறங்கினால்
விடுதிக் கணக்கில் மிச்சமாகும் தொகை.
பென்சிலால் கூட்டி
வடிவாம்பாளிடம் நீட்டினேன்.
அவள் தாளைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

திருச்சியில் விடியும்முன்பே பிடித்துக்கொண்டது மழை.
மூன்றேமுக்கால் மணி நேரம்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நனைந்தபடி நின்றது எங்கள் விமானம்.
காப்பி வாங்கி வந்து கொடுத்தேன்.
ஆறவிட்டாள்.

சாங்கியை நெருங்கும்போது
கடலெல்லாம் கப்பல்.
கடை திறக்கக் காத்திருப்பவர்கள் போல
அத்தனையும் ஒரே பக்கம் முகம் வைத்து.
"நம்மளது எது?" என்று
அவள் கேட்பாளெனப் பார்த்தேன்.
கேட்கவில்லை.
நானே வெள்ளையாய் ஒன்றைக் காட்டினேன்.
அது எண்ணெய்க் கப்பல் அங்கிள் என்றான்
பின்னிருக்கைப் பையன்.

எத்தனை நாள் தங்குவீர்கள்?
இன்றைக்கே கிளம்புகிறோம்.
இன்றைக்கேவா?
அதிகாரி நிமிர்ந்து பார்த்த பார்வையில்
வீட்டுக்கு வந்து
தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவர்களிடம்
வைக்கிற வருத்தம் கொஞ்சம் இருந்தது.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

பெட்டிகள் வந்தன.
யார் யாருடையதோ வந்தன.
பச்சை ரிப்பன் கட்டிய எங்களுடையதைத் தவிர
உலகத்துப் பெட்டியெல்லாம்
ஒருமுறை முகம் காட்டிவிட்டுப் போனது.
"பதறாதே, மூணு மணி நேரம் கிடக்கு"
மணிக்கட்டைத் திருப்பிச் சொன்னேன்.
வடிவு தன் கையை
என் மூக்குக்கு நேரே கொண்டுவந்தாள்.
இரண்டு ஐம்பது.
என் கடிகாரம் இன்னும்
பொன்மலைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.
அவள் முள்ளை வானத்திலேயே
திருப்பி வைத்திருக்கிறாள்.
மூன்றரைக்கு வாசலை அடைப்பார்கள்.

பச்சை ரிப்பன் வந்தது.
ஓடினோம்.

டாக்சிக்காரர் பெயர் டே பூன் ஹெங்.
அட்டையில் சிரிக்கவில்லை, நேரிலும்.
எந்தத் துறைமுகம், இரண்டு இருக்கிறதே என்றார்.
கப்பல் நிற்கிற துறைமுகம் என்றேன்.
கண்ணாடி வழியாக அவர் பார்த்த அதே பார்வையை
ஒன்பதாயிரத்து நானூறு தொடங்கி
நான் பார்த்துக்கொண்டே வருகிறேன்.
வடிவு கைப்பையிலிருந்து
நான்காய் மடித்த தாளை எடுத்தாள்.
மெரினா பே என்ற எழுத்துக்கு அடியில்
நகத்தால் கோடிட்டுக் காட்டினாள்.
எப்போது அச்செடுத்தாள்?
எனக்குத் தெரியாமல் எத்தனை தாள்
அந்தப் பையில்?

சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு மட்டும்
ஒரு அவசரமும் இல்லை.
மேம்பாலக் கைப்பிடியெல்லாம் காகிதப்பூ.
இதுதான் சிங்கப்பூர்,
ஊரில் கேட்டால் சொல்ல
இவ்வளவுதான் இருக்கிறது,
நன்றாகப் பார்த்துக்கொள் என்று
எனக்கே சொல்லிக்கொண்டபோது
சுரங்கம் விழுங்கியது.
"இப்போது கடலுக்குக் கீழே போகிறோம்"
டே பூன் ஹெங் முதல்முறையாகச் சிரித்தார்.
காலையில் இதற்கு மேலே இருந்தோம்.
ராத்திரி இதன்மீது படுத்திருப்போம்,
வாசல் அடைபடாமல் இருந்தால்.

மீட்டரைப் பெருக்கக் கூடாது என்று
வெளிச்சம் வரும்வரை உறுதியாக இருந்தேன்.
அறுபத்தைந்தால் பெருக்கினேன்.

மூன்று இருபத்தாறு.
சுங்கடிச் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு
பெட்டியை இழுத்து ஓடுகிறாள்
முப்பத்தொரு வருஷத்தில்
நான் ஓடிப் பார்த்திராத வடிவாம்பாள்.
மேசைக்குப் பின்னிருந்த பெண்
எழுந்தே நின்றுவிட்டாள்.
வரலாம், வரலாம், என்ன அவசரம்,
கப்பல் இன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதம்.

பளு தூக்கிகள் மேற்கே சிறுக்கத் தொடங்கின.
மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்து
உப்பு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.
ஒன்றை என்னிடம் நீட்டியபடி
காலைக்குப் பிறகு முதல்முறையாக வாய் திறந்து
"அடுத்த தடவை" என்றாள்.
முந்தின நாளே வந்து சேர்வது பற்றி
அதற்குப் பிறகு நிறையச் சொன்னாள்.
எனக்கு அந்த முதல் இரண்டு வார்த்தை போதும்.