பத்து புள்ளி நான்கு

நார்த் டகோட்டாவில் அக்டோபர்.
லோவெல்லுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல்.
ஒரே படுக்கை, மாறி மாறி இரண்டு பேர்.
தலையணைச் சூடு ஆறுவதே இல்லை.
பார்த்துக்கொள்வது வண்டிப் படியில், பத்து நிமிடம்,
கிழங்கு மண் அப்பிய பூட்ஸும்
காபி ஃபிளாஸ்க்கும் கைமாறும் நேரம்.

மூன்று மணிக்குக் குளிர் என்னை எழுப்பியது.
தெர்மோஸ்டாட் கேட்கிறது,
ஹீட்டர் பதில் சொல்கிறது:
டிக்.
ஒரு முனகல். விசிறி அரைச் சுற்று எடுத்து
அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.
மறுபடி டிக்.

வெளியே இரண்டு சிலிண்டரும் நிறைந்திருக்கின்றன.
சனிக்கிழமைதான் நிரப்பினோம், தூக்கி வந்தது நான்.
இரண்டு வாரத்து நெருப்பு
இரும்புக்குள் திரவமாய்த் தூங்குகிறது.
விசிறி சுழன்று காற்றைத் தள்ளினால்தான்
ஒரு சின்னத் தகடு அசையும்,
தகடு அசைந்தால்தான் வால்வு திறக்கும்,
அதற்கப்புறம்தான் பொறி.

மீட்டரைப் பிடித்தேன்: பத்து புள்ளி நான்கு.
பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டியது.

அடுப்பை ஏற்றிவிடலாம்.
ஒரு தீக்குச்சி போதும், அதற்கு மின்சாரம் வேண்டாம்.
கை நீண்டது, உண்மைதான்.
அப்புறம் ஹார்லன்.
போன வருடம், இருபத்திரண்டாம் எண் வண்டி,
ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து
மூன்று பர்னரும் எரிந்தபடி.
கன்னம் நல்ல சிவப்பாக இருந்ததாம்.
எச்சரிக்கைப் பெட்டி அவன் சுவரிலும் இருந்தது,
கத்துவதற்குச் சார்ஜ் இல்லாமல்.

குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.

என் கோட்டுக்கு மேல் லோவெல்லின் கோட்டு.
டிரக்கைக் கிளப்பி மூக்கோடு மூக்காக நிறுத்தி
சிவப்புக்குச் சிவப்பு முதலில்,
கறுப்பு கடைசியில், சிலிண்டரை விட்டுத் தள்ளி,
வண்டிச் சட்டத்தின் வெற்று இரும்பில்.
விரல் மரத்துவிட்டது. கண்ணால்தான் கவ்வினேன்.

டிரக்கில் காத்திருந்தபோதுதான் பார்த்தேன்,
கதவுக்கு மேல் அந்த மஞ்சள் பல்ப்,
வெளிறிப்போய், இன்னும் எரிந்துகொண்டு.
ஐந்து இரவாக நான் அணைக்கவில்லை.
ஒரே சாயலில் நாற்பது வண்டி நிற்கும் சரளைக் களம்;
களைத்து வருகிறவன்
வேறு கதவைத் தட்டிவிடக் கூடாதே என்று.
அவனுக்காக ஏற்றியது
சொட்டுச் சொட்டாக
என் சூட்டைக் குடித்திருக்கிறது.

தூரத்தில் ஃப்ளட் லைட்டின் கீழ்
கிழங்கு மலை ஆவி விட்டது.
அதன் மேல் நகரும் புள்ளிகளில்
எது லோவெல் என்று தெரியவில்லை.

நாற்பது நிமிடம். உள்ளே போனேன்.
டிக்.
விசிறி தயங்கி, பிறகு துணிந்து சுற்றியது.
இரும்புக்குள் ஒரு ‘ஹூம்’.

பல்பை அணைத்தேன்.
அவனுடைய பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டைக்
கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன்.
வேன் விளக்குப் பட்டால் பளிச்சிடும் பட்டை,
அரை ஆம்பியர்கூடக் கேட்காது.

ஏழரைக்கு வந்தான்.
“ஜாக்கெட்டைத் தூக்கில் போட்டது யார்?”
இதையெல்லாம் சொல்லப் பத்து நிமிடம் போதாது.
பூட்ஸைக் கழற்று என்றேன்.