இடம் இல்லை

வெள்ளிக்கிழமை மாலை நான்தான் எழுதினேன்:
"வட்டு நிறைகிறது. பழைய கடிதங்களை
அழித்துவிடுங்கள். நன்றி. ரிமாந்தே."
கிளைபேடா துறைமுக அலுவலகத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனது.

இவ்வளவு கீழ்ப்படிதலை எதிர்பார்க்கவில்லை.

திங்கள், காலை எட்டு மணி.
கழியின்மேல் பனிமூட்டம்.
பாரந்தூக்கிகளுக்கு இடுப்புக்கு மேல் உடம்பில்லை.
எல்லாரும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
ஆகப் பழைய கடிதத்திலிருந்து தொடங்கினார்கள்.

அப்போதெல்லாம் ஆளுக்கு ஒரே கோப்பு.
வந்த கடிதம் வால்நுனியில் ஒட்டிக்கொள்ளும்,
அடுத்தது அதன் வாலில்.
முள் ஓரிடத்தில் இறங்கும், எழுதும், எழும்.
கடிதத்துக்கும் கடிதத்துக்கும் வேலி
"இன்னாரிடமிருந்து" என்று தொடங்கும் ஒரு வரிதான்.
உள்ளே யாராவது அதே சொல்லில்
வாக்கியம் தொடங்கிவிட்டால்
அதன் முன் ஓர் அம்புமுனை குத்திவைக்கும் சர்வர்:
இது வேலி இல்லை, வெறும் பேச்சு.

சேர்ப்பது சுலபம். எடுப்பதுதான்…

விட்மந்தாஸ், துறை ஒதுக்கீட்டுப் பிரிவு.
பன்னிரண்டு வருடம், மூன்று ஜிகாபைட்.
தலைமாட்டில் கிடந்தது உணவகத்தின் இரண்டு வரி:
"இன்று பீட்ரூட் குளிர் சூப்" என்று முதல் வரி.
அழித்தார்.

அந்தப் பள்ளத்தை மூட
பின்னால் நின்ற பன்னிரண்டு வருடமும்
இரண்டு வரி முன்னால் நகர வேண்டும்,
ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதி.
நகர்ந்து முடியும்வரை கோப்புக்குப் பூட்டு.
பூட்டுக்கு வெளியே நின்றது
கார்ல்ஸ்ஹாம் படகின் கேப்டன் கேட்ட கேள்வி:
"ஒன்பதாம் துறை தெரியவில்லை. வேறு எது?"
பதினொரு நிமிடம் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு சூப்.
எள் போட்டால் எள் விழாத அந்த வட்டு
நாள் முழுக்கப் பல்லை நறநறத்தது.
இரண்டாம் மாடிவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

மார்ச்சில் மாற்றினோம்.
எலி வளையானாலும் தனி வளை:
ஒரு கடிதம், ஒரு கோப்பு.
அழித்தால் அதுமட்டும் போகும்.
யாருக்காகவும் யாரும் நகர வேண்டாம், பூட்டு வேண்டாம்.
படித்ததற்கு அடையாளம்
பெயரின் வாலில் ஓர் எழுத்து, அவ்வளவே.
எகீதியூஸ் கேக் வாங்கிவந்தான்.

பிறகு விட்மந்தாஸ் ஒரு சொல்லைத் தேடினார்.
நாற்பத்தோராயிரம் கதவுகளைத் தட்ட
முள் கிளம்பியது.
இங்கே ஒன்று, வட்டின் மறுகரையில் ஒன்று.
கதவுக்கு எட்டு மில்லிசெகண்ட் நடை;
படிக்கும் நேரம் அதில் கால்வாசிகூட இல்லை.
ஐந்தரை நிமிடம்.
இரவுக்கென்று வைத்த நகலெடுப்பு
விடிந்தும் முடியாமல் காபி நேரத்துக்கு வந்து நின்றது.

ஒரு ஞாயிறு தொலைபேசி.
"இடம் இல்லை என்கிறது."
போய்ப் பார்த்தேன். வட்டில் பாதி காலி.
நிறைந்திருந்தது பதிவேடு.
இனி எந்தக் கோப்பு பிறந்தாலும்
அதற்குக் கொடுக்க எண் இல்லை.
அத்தனை வெற்றிடத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
ஒருவரிக் கடிதங்களை வாசலோடு
திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது என் சர்வர்.

இப்போது நடுவழி.
சில நூறு கடிதங்கள் ஒரு கோப்பில்,
பக்கத்தில் ஓர் அட்டவணை:
எது எந்தக் கோப்பில், எத்தனையாவது பைட்டில்.
அழித்தால் அட்டவணையில் ஒரு கோடு.
பள்ளம் பள்ளமாகவே கிடக்கும்,
பின்னிரவில் யாருமில்லாதபோது மூடிக்கொள்ளலாம்.
அட்டவணை கெட்டால் என்ன ஆகும்
என்று எகீதியூஸ் கேட்பதில்லை. தூங்குவதுமில்லை.

விட்மந்தாஸுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.
போன வாரம் வந்து கேட்டது ஒன்றுதான்:
அந்த முதல் கடிதத்தை மீட்க முடியுமா,
லிதாஸ் காலத்தில் சூப் என்ன விலை என்று
யாரோடோ பந்தயமாம்.

பழைய நாடாவில் தேடினேன். இருந்தது.
விலை போடவில்லை.
இரண்டாம் வரி:
கிண்ணங்களைத் திருப்பிக் கொடுக்கவும்.